தடாகத்தை வெறுமையாக்காதீர்!

கற்பிட்டிக் கரையோரம் மாரி தொடங்கியபின், உல்லாச விடுதியொன்றின் நீச்சல் தடாகம் பாதி இறைக்கப்பட்டுப் பாசி படர்ந்து கிடக்கக் கண்டேன். "ஆளில்லாக் காலத்தில் பராமரிப்பு எதற்கு ஐயா?" என்றார் காவலாளி. நீர் உறையும் நாட்டு வழக்கம் இங்கு பொருந்தாது.

இம்மணற் குடாவில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமே. இறைத்துவிட்டு மீண்டும் நிரப்புவது அயல் தோட்டக்காரரின் கிணற்றில் கைவைப்பதாகும். மழையில் நிலத்தடி நீர் உயர்ந்தால் வெறுந்தடாகம் மேலெழுந்து வெடிக்கவும் கூடும். தேங்கிய மழைநீரிலோ நுளம்பு பெருகும். 2017இல் இலங்கையில் 1,86,000இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானதை மறக்கலாமா?

நீரை விட்டுவையுங்கள். நாள்தோறும் சில மணிநேரம் வடிகட்டியை இயக்குங்கள். மழை ஐதாக்கும் குளோரினை லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவில் பேணுங்கள். செலவு சிறிது, அயலாருக்கு நாம் பட்ட கடன் பெரிது.