இயங்க மறுக்கும் இயந்திர வாள்

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து மாணவி ஒருவர் இப்பத்திக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அண்மையில் வீசிய காற்றில் அவர்கள் வளவு வேம்பு வேரோடு சாய்ந்து ஒழுங்கையை மறித்துக் கிடக்கின்றதாம். கொட்டிலில் எட்டு மாதமாகக் கிடந்த சங்கிலி வாளைத் தந்தையார் எடுத்துக் காலை முழுவதும் கயிற்றை இழுத்திருக்கிறார். வாள் ஒரே ஒரு முறை இருமிற்று. பின்னர் மூச்சே இல்லை. தந்தையாரின் தோள் வீங்கியதுதான் மிச்சம். “ஐயா, பழுது வாளிலா, அப்பா இழுக்கும் முறையிலா?” என்று கேட்கிறார். பெரும்பாலும் இரண்டிலும் சிறிது சிறிது உண்டு என்பதே விடை.

இது ஒரு வீட்டின் தொல்லை மாத்திரமன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது, மரங்கள் எண்ணிறந்து வீழ்ந்து தெருக்களை அடைத்துக்கொண்டன. அத்தகைய நாளில் நோயாளி ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர்கள், வாள் ஒன்று இயங்குமா இயங்காதா என்பதையே பார்த்திருப்பார்கள். ஆகவே வினாவைச் சற்று விரித்தே நோக்குவோம்.

சங்கிலி வாளின் எஞ்சின் மிக எளியது. கராச்சில் ‘டூ ஸ்ரோக்’ என்பார்களே, அந்த இனம். மின்கலம் இல்லை. கயிற்றை இழுக்கும்போது ஒரு சில்லு சுழல்கின்றது. அதிற் பதித்த காந்தம் கம்பிச் சுருளைக் கடந்து ஓடுகையில் மின் பிறந்து, பிளக்கின் முனையிற் பொறியாகத் தெறிக்கின்றது. அதே இழுப்பு பெற்றோலையும் காற்றையும் உறிஞ்சி உருளைக்குள் அழுத்துகின்றது. தகுந்த கலவை, தகுந்த அழுத்தம், தகுந்த நேரத்தில் ஒரு பொறி ஆகிய மூன்றும் கூடினால் எஞ்சின் இயங்கியே தீரும். இயங்கவில்லையெனில் மூன்றில் ஒன்று வரவில்லை என்பது பொருள். எது வரவில்லை என்று தேடாமல் மேலும் மேலும் இழுப்பது, கதவு பூட்டியிருக்கத் தோளால் இடிப்பதை ஒக்கும்.

இனி அந்த இருமலுக்கு வருவோம். கடிதத்தில் மிகப் பெறுமதியான செய்தி அதுவே. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் மிகுந்த கலவை வேண்டும். அதற்காகவே ‘சோக்’ என்னும் அடைப்பைப் போட்டுக் காற்றைக் குறைக்கிறோம். அடைப்பைப் போட்டு நாலைந்து முறை இழுத்ததும் எஞ்சின் ‘பொக்’கென்று ஒரு தரம் இருமும். “எனக்குப் பெற்றோல் போதும், இனிக் காற்றைத் திற” என்று அது சொல்லும் சொல் அது. உடனே அடைப்பைப் பாதி நிலைக்குத் தள்ளி, மீண்டும் இழுத்தல் வேண்டும். இருமலைச் சத்தமென்று எண்ணாது, அடைப்பைத் திறவாமல் இழுத்துக்கொண்டே போனால், ஒவ்வோர் இழுப்பிலும் பெற்றோல் மேலும் மேலும் உள்ளே சென்று பிளக்கை நனைத்துவிடும். நனைந்த பிளக்கிற் பொறி தெறியாது. இயங்காத வாள்களைச் சோதித்தால் பலவற்றில் இதுவே நோயாக இருக்கும்.

இதனை அறிவதற்கு நுண்கருவி எதுவும் வேண்டாம். முதலில் ஆளியைப் பாருங்கள். நிறுத்தும் நிலையில் இருக்கும் ஆளியோடு அரை நாள் மல்லுக்கட்டியவர்கள் உண்டு. பிறகு பிளக்கைக் கழற்றி அதன் முனையை நோக்குங்கள். ஈரமாய்ப் பெற்றோல் மணத்தால், உள்ளே வெள்ளம். உலர்ந்திருந்தால், உள்ளே வறட்சி. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போன்ற சோதனை இது. மேற்கொண்டு செய்யவேண்டியவை யாவும் இதனாலேயே இரண்டாகப் பிரிகின்றன.

வெள்ளமாயின் மருந்து எளிது. ஆளியை நிறுத்தும் நிலையில் வைத்து, சோக்கைத் திறந்துவிட்டு, பிளக் இல்லாமலே கயிற்றை ஏழெட்டு முறை இழுங்கள். மிகையான பெற்றோல் பிளக் துவாரத்தால் வெளியே விசிறும். ஆதலால் துவாரத்தின் நேரே முகத்தை வைக்கலாகாது. அடுப்பும் சுருட்டும் அண்மையில் இருத்தல் ஆகாது. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, கரி படிந்திருந்தால் பித்தளைக் கம்பித் தூரிகையாற் தேய்த்து, முனைகளின் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் இருக்கிறதாவென்று பார்த்து, மீளப் பூட்டுங்கள். சோக்கைப் போடாமல், விசையை முழுதும் அழுத்தியபடி இழுத்தால், பெரும்பாலும் புகையைக் கக்கிக்கொண்டு எழும்.

வறட்சிதான் சற்றுச் சிக்கலானது. எட்டு மாதம் கிடந்த வாள் என்றதுமே எமக்குப் பழைய பெற்றோலின்மேல் ஐயம் எழுகிறது. பெற்றோல் ஒரே பொருளன்று. எளிதில் ஆவியாகும் பகுதியும் ஆகாத பகுதியும் கலந்தது. எஞ்சினை எழுப்புவது எளிதில் ஆவியாகும் பகுதியே. தாங்கியிற் கிடக்கக் கிடக்க அப்பகுதி பறந்துவிட, எஞ்சியது பிசின்போலத் தடித்து, காபுரேற்றரின் ஊசித் துவாரங்களை அடைக்கின்றது. சங்கிலி வாளின் காபுரேற்றரில் மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல மிதவை இல்லை. மெல்லிய சவ்வு ஒன்று துடித்துத் துடித்துப் பெற்றோலை இழுக்கின்றது. மரம் அரிபவன் வாளைச் சரித்தும் புரட்டியும் பிடிக்கவேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு. பழைய பெற்றோலிற் கிடந்த சவ்வு காய்ந்த வெற்றிலைபோல் விறைத்துப்போகும். பிறகு அது துடியாது.

ஆகவே பழையதை ஊற்றிவிட்டுப் புதிய கலவை இடுக. எண்ணெய்க் கலப்பில் ஊகம் கூடாது. இக்கால வாள்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு டூ ரி எண்ணெய், அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். சிலவற்றுக்கு 25க்கு 1, அதாவது 40 மில்லிலீற்றர். வாளோடு வந்த கைந்நூலில் எழுதியிருப்பதே சட்டம். எண்ணெய் மிகுந்தாற் பிளக் கரிபிடிக்கும், அது பொறுக்கத்தக்கது. எண்ணெயே இன்றி வெறும் பெற்றோல் விட்டாலோ சில நிமிடங்களில் பிஸ்டன் உராய்ந்து கீறி, பழுதுபார்க்கும் செலவு புது வாளின் விலையை எட்டிப்பிடிக்கும். தாங்கிக்குள் குழாயின் நுனியில் ஒரு சிறு வடி தொங்கும். அதனைக் கம்பிக் கொளுக்கியால் வெளியே எடுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள். மரத்தூள் அப்பிய காற்றுவடியைத் தட்டித் துப்புரவாக்குங்கள். இவ்வளவும் செய்த பின்னரும் பிளக் நனையவில்லையெனில், காபுரேற்றரைக் கழற்றித் துலக்குவது பழகிய கையின் வேலை.

பிளக் நனைந்திருந்தும், காயவைத்தும், பயன் இல்லையா? பொறியைச் சோதிக்கலாம். புதுப் பிளக் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்பதே மலிவான சோதனை. பிளக்கை உருளையின் உலோகத்தில் ஒட்டவைத்துப் பொறி பார்க்கும் பழைய வழக்கத்தை, பெற்றோல் சிந்திய இடத்தில் எவரும் செய்தல் ஆகாது. மாரிகால ஈரத்தில் கம்பியின் தொப்பிக்குள் பச்சை பூத்திருப்பதும் உண்டு.

எஞ்சியது அழுத்தம். இதற்கும் ஓர் எளிய சோதனை உண்டு. ஆளியை நிறுத்திவிட்டு, பிளக் பூட்டியபடி, கயிற்றின் பிடியை மட்டும் கையிற் பற்றி வாளைத் தரைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். நல்ல எஞ்சின் தன் பாரத்தைத் தாங்கி, படிப்படியாகத் தயங்கித் தயங்கிக் கீழிறங்கும். தடையேயின்றிச் சறுக்கி வந்தால், உள்ளே பிஸ்டனோ அதன் வளையமோ தேய்ந்துவிட்டது. அப்போது வீட்டிற் செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

தந்தையாருக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு; மாணவி இதனைச் சத்தமாக வாசித்துக்காட்டட்டும். இயங்காத வாளால் எவருக்கும் காயம் வருவதில்லை. முப்பது தரம் இழுத்துக் களைத்துச் சினந்தவரின் கையில், முப்பத்தோராவது தரம் திடீரென இயங்கும் வாளே காயம் செய்கின்றது. ஒரு கையில் வாளைத் தொங்கவிட்டு மறுகையால் கயிற்றை இழுக்கும் வழக்கம் எமது ஊர்களிற் பரவலாக உண்டு. ‘ஆண்பிள்ளைத்தனம்’ என்று அதனைப் பாராட்டுவோரும் உண்டு. எமக்கு அதிற் சிறிதும் உடன்பாடில்லை. விசை பாதி திறந்த நிலையில் எழும் எஞ்சின் அக்கணமே சங்கிலியைச் சுழற்றும். அலகு தொங்குவதோ தொடையருகே. வாளைச் சமதரையில் வையுங்கள். சங்கிலித் தடுப்பைப் போடுங்கள். வலது காலின் முன்பகுதியைப் பின்கைப்பிடிக்குள் ஊன்றி, இடது கையால் முன்கைப்பிடியை அமர்த்தி, வலது கையால் இழுங்கள். பத்து இழுப்பில் எழாவிட்டால் வாளை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து, பிளக்கைக் கழற்றுங்கள்.

வேம்பைப் பற்றியும் ஒரு சொல். வேரோடு சாய்ந்து வேலியில் தங்கிய மரம் வளைந்த வில்லைப் போன்றது; தவறான பக்கத்தில் அலகு பட்டால் அது உதறும், அல்லது வாளைக் கவ்விக்கொள்ளும். வாள் இயங்கினாலும் அம்மரத்தை அரிவதற்குப் பழகிய ஒருவரை அழைப்பதே தக்கது. சிறு கிளைகளைக் கத்தியாலும் கோடரியாலும் நீக்கி, நடந்துபோக வழி செய்ய இன்றே தொடங்கலாம்.

வேலை முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு கொட்டிலில் வையுங்கள். கலந்து மிஞ்சிய பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்து வாளுக்கு விடவேண்டாம். அடுத்த ஐப்பசியில் மழை தொடங்குமுன் ஒரு நாள் புதுக் கலவை ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பிளக் ஒன்றையும் வடி ஒன்றையும் வாங்கி அலுமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.