பாதை யாருக்கு?

இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர், ஷெப்பீல்டு என்ற இரு தொழில் நகரங்களுக்கும் இடையே ‘பீக் டிஸ்டிரிக்ட்’ என்ற மேட்டுப் பிரதேசம் இருக்கிறது. மரமில்லாத பரந்த வெளி. முழங்கால் உயரப் புதர். காலை வைத்தால் நீர் கசியும் கறுப்பு மண். இத்தகைய நிலத்தை அந்நாட்டார் ‘மூர்’ என்பர். சனி, ஞாயிறுகளில் இங்குள்ள ஒற்றையடிப் பாதைகளில் தடித்த டயர் பூட்டிய மலைச் சைக்கிள்களில் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். நடந்து வருவோரில் பலருக்கு இது பிடிக்கவில்லை. குதிரையேறுவோர் முணுமுணுக்கிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பலகை நட்டு வைக்கிறார்கள்.

வயிற்றுப்பாட்டுக்காக ஊர் விட்டு ஊர் வந்து, ஆலைச் சங்கு ஊதுமுன் சைக்கிளை மிதித்துப் போன தலைமுறைக்கு இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குச் சண்டையாகத் தோன்றலாம். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள சைக்கிளைச் சேற்றில் ஓட்டுவதற்கென்றே வாங்குவது வேடிக்கைதான். ஆனால் விவகாரத்தின் வேர் அந்தச் சேற்றில் இல்லை. ஒரு பாதை யாருக்கு உரியது, அதை யார் தீர்மானிப்பது என்பதில் இருக்கிறது. அந்தக் கேள்வியை அங்கே முதலில் உரக்கக் கேட்டவர்கள் ஆலைத் தொழிலாளர்களே.

1932 ஏப்ரல் 24 அன்று, ஞாயிற்றுக்கிழமை, மாஞ்செஸ்டரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் புறப்பட்ட நானூறு பேர் அளவிலான கூட்டம் ‘கிண்டர் ஸ்கௌட்’ என்ற மேட்டின்மீது ஏறியது. நிலப்பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த வெளி அது. ஆண்டில் சில நாட்கள் நடக்கும் வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் காவலாட்கள் மற்றவர்களை விரட்டினர். வாரம் ஆறு நாள் புகையைச் சுவாசித்தவர்கள் ஏழாம் நாள் நல்ல காற்று வேண்டும் என்றார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர். ரயிலடியில் போலீஸ் காத்திருக்கும் என்று அவர் சைக்கிளிலேயே மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அத்துமீறி நுழைவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமன்று. ஆகவே கலகம், தாக்குதல் என்று வழக்குத் தொடுத்து, ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதித்தார்கள். எழுபது ஆண்டு கழித்து, 2002இல், அன்றைய நிலப்பிரபுவின் பேரர் தம் பாட்டனார் செய்தது தவறு என்று பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

இடைப்பட்ட காலத்தில் சட்டம் மெல்ல மெல்ல அசைந்தது. 1949இல் வந்த சட்டம் தேசியப் பூங்காக்களுக்கு வழி வகுத்ததோடு, பொதுப் பாதைகளைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வமான வரைபடத்தில் பதியும்படி உள்ளாட்சி மன்றங்களுக்கு உத்தரவிட்டது. 1951இல் பீக் டிஸ்டிரிக்ட் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1968இல் குதிரைப் பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்றும், நடப்பவருக்கும் குதிரைக்கும் அது வழிவிட வேண்டும் என்றும் சட்டம் செய்தார்கள். அப்போது மலைச் சைக்கிள் என்ற ஒன்றே கிடையாது. அது 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பழைய கனத்த சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டி மலைச்சரிவில் உருட்டிவிட்ட சில இளைஞர்களின் கைவேலையாகப் பிறந்து, 1980களில் தொழிற்சாலைச் சரக்காயிற்று.

ஆக, வண்டி மாறிவிட்டது. சட்டம் நின்ற இடத்தில் நிற்கிறது. 2000இல் வந்த சட்டம் மூர் நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைத் தந்தது. சைக்கிளுக்கு அதில் இடமில்லை. இங்கிலாந்தின் பொதுப் பாதைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில்தான் சைக்கிள் போகச் சட்டம் இடமளிக்கிறது. எஞ்சியவை நடைபாதைகள். அருகருகே ஓடும் இரண்டு பாதைகளில் ஒன்று அகலமான கல் தடமாக இருந்தும் வரைபடத்தில் ‘நடைபாதை’. மற்றது குறுகிய சேற்று வாய்க்காலாக இருந்தும் ‘குதிரைப் பாதை’. 1950களில் பதிவு செய்தவர் எப்படி எழுதினாரோ, அதுவே இன்றும் வேதவாக்கு. கர்ணம் எழுதிய கணக்கைக் கடவுளாலும் மாற்ற முடியாது என்று கிராமத்தில் சொல்வதுண்டு. வெள்ளைக்காரக் கர்ணமும் அதே இனம் போலும்!

ஸ்காட்லாந்து வேறு வழியில் சென்றிருக்கிறது. 2003இல் அங்கு இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், மோட்டார் இல்லாத எந்த வகையிலும் பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமையை மக்களுக்கு அளித்தது. நடப்பவர், சைக்கிளில் போகிறவர், குதிரையில் போகிறவர் என்ற பேதமில்லை. பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை. அதனால் ஸ்காட்லாந்தின் மேடுகள் அழிந்து போய்விடவில்லை. இங்கிலாந்தும் இதைப் பின்பற்றுவதே நியாயம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. மூர் நிலத்தின் கறுப்பு மண் சாதாரண மண்ணன்று. பாசியும் புல்லும் நீரில் ஊறி, மக்காமல் படிந்து படிந்து உண்டானது. ஒரு மீட்டர் ஆழம் சேர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிடிக்கும். மழை நீரை அது பஞ்சு போலப் பிடித்து வைக்கிறது. கரியையும் பூமிக்குள் பூட்டி வைக்கிறது. ஈர நாளில் அதன்மேல் டயர் அழுந்தினால் தடம் வாய்க்காலாகி, அடுத்த மழையில் மண் கரைந்து ஓடும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் வசந்த காலத்தில் தொல்லை நேரும்.

ஆனால் பீக் டிஸ்டிரிக்டின் மேடுகளை மொட்டையடித்தது சைக்கிள் டயரன்று. இரு புறத்திலும் நூறாண்டுக்கு மேல் புகைந்த ஆலைகளின் கந்தகப் புகை அந்தப் பாசியைக் கொன்றது. தீ விபத்தும் அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சலும் மிச்சத்தை முடித்தன. சேற்றைத் தாண்டிச் செல்ல இன்று அந்த மேட்டில் பல மைல் தூரத்துக்குக் கல் பலகை பாவியிருக்கிறார்கள். அந்தக் கற்களில் பல, மூடி இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளத்திலிருந்து பெயர்த்து, ஹெலிகாப்டரில் தூக்கி வந்து போட்டவை. தறியோரம் தொழிலாளியின் காலடியில் தேய்ந்த கல், அவன் கேட்ட பாதைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே தடை எதுவானாலும் மண்ணையும் பருவத்தையும் பார்த்துப் போடவேண்டும். ஆளையும் வாகனத்தையும் பார்த்தன்று. வேல்ஸில் ஸ்னோடன் மலை உச்சிக்குச் செல்லும் குதிரைப் பாதைகளில், மே முதல் செப்டம்பர் முடிய, காலை பத்து முதல் மாலை ஐந்து மணி வரை சைக்கிள் ஓட்டுவதில்லை என்று ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. சட்டமில்லை, அபராதமில்லை, பேசி முடித்த சம்மதம். விடியலில் சைக்கிள், பகலில் நடை. இதுபோல் மூர்களிலும் கூடு கட்டும் மாதங்களையும் மழை மிகுந்த மாதங்களையும் விலக்கி வைக்க முடியாதா என்ன?

இதனால் கிராமங்களுக்கு வருவாய் கிடைக்கும் என்ற வாதமும் சொல்லப்படுகிறது. அதை ஓரளவுக்கே நம்பலாம். வேல்ஸின் ‘கோய்ட் இ பிரெனின்’ காட்டில் 1990களில் மலைச் சைக்கிளுக்கென்றே தடங்கள் போட்டார்கள், பெயரும் பரவியது. அப்படியிருந்தும் அங்கிருந்த உணவு விடுதியைச் செலவு கட்டவில்லை என்று 2025இல் மூடிவிட்டார்கள். சுற்றுலாவை மட்டும் நம்பிய கிராமத்துக்குப் பாதை மிஞ்சும், வேலை மிஞ்சுமென்று சொல்ல முடியாது.

இங்கே இந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பொதுமக்கள் உரிமையோடு இருபது ஆண்டு தடையின்றி நடந்த வழி, பொதுப் பாதையாகக் கருதப்படும். ஒருமுறை பொதுப் பாதையானால், எத்தனை காலம் ஆள் நடக்காவிட்டாலும் அது பொதுப் பாதையே. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டத்திலும் அதே இருபது ஆண்டுக் கணக்கு உண்டு. பிறர் நிலத்தின் வழியே தன் வயலுக்கு இருபது ஆண்டு தடையின்றிப் போய்வந்தவன் அந்த உரிமையைக் கோரலாம். ஆனால் அதே சட்டம், இருபது ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்ட வழியுரிமை அற்றுப்போகும் என்றும் சொல்கிறது.

இந்த இரண்டாம் விதி யாரைக் கடிக்கும்? பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவனைத்தான். தருமபுரிப் பக்கத்திலிருந்தோ வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தோ பெங்களூருக்கு வந்து, தொழிற்பேட்டையிலும் குமாஸ்தா மேசையிலும் கால் நூற்றாண்டைக் கழித்தவர், ஓய்வு பெற்று இரண்டு ஏக்கர் புஞ்சையைப் பார்க்கப் போகிறார். பாட்டன் காலத்து வண்டித் தடத்தின் குறுக்கே முள்கம்பி நிற்கிறது. “நீங்கள்தான் இந்தப் பக்கமே வரவில்லையே” என்கிறார் புதிதாக நிலம் வாங்கியவர். அவர் சொல்வதில் சட்டமும் கொஞ்சம் இருக்கிறது என்பதுதான் கொடுமை. ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியோ குத்தகைக்காரரோ அந்த வழியில் போய்வந்து கொண்டிருந்தால் உரிமை நிற்கும். நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தால் வழியும் தரிசுதான்.

அரசுக் கணக்கில் ‘பாதை’ அல்லது ‘வண்டிப் பாதை’ என்று பதிவான புறம்போக்கின் நிலை வேறு. அது தனியார் நிலமன்று. ஆக்கிரமித்தவரை வெளியேற்றும் பொறுப்பு வருவாய்த் துறையினுடையது. தன் வயலுக்குப் போகும் தடம் இவ்விரண்டில் எந்த வகை என்பதே பலருக்குத் தெரியாது. தமிழக அரசின் நிலப் பதிவேடுகள், ‘அ’ பதிவேட்டு விவரம், புலப்படம் ஆகியவை இன்று இணையத்தில் கிடைக்கின்றன. பெங்களூரில் இருந்தபடியே சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒருமுறை அந்தத் தடத்தில் நடந்தும் பார்த்து, கணக்குக்கும் தரைக்கும் வித்தியாசம் இருந்தால் அங்கேயே தாசில்தாருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதோடு திரும்புவது நல்லது.