இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் வராது... ஆனால்? | வீடு, வாசல், வங்கி!

"சார், செகண்ட் ஃப்ளோர். மழையைப் பத்தி நீங்க கவலையேபட வேணாம்!"

வேளச்சேரியில் விற்பனைக்கு வந்த அந்த ஃப்ளாட்டைக் காட்டியபோது புரோக்கர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். பார்க்க வந்த தம்பதிக்கும் வீடு பிடித்துப்போனது. இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், பன்னிரண்டு வயதான கட்டடம். நடக்கும் தூரத்தில் பறக்கும் ரயில் நிலையம். கணவருக்கு அலுவலகம் திருவான்மியூரில், அதாவது மூன்றாவது ஸ்டேஷன். விலை 78 லட்சம்.

வாடகை வீட்டில் ஒன்பது வருடங்கள் இருந்துவிட்ட குடும்பம். "இதையே முடிச்சிடலாம்" என்றார் கணவர். "ஒரு வாரம் டைம் குடுங்க" என்றார் மனைவி. அந்த ஒரு வாரத்தில் அவர்கள் செய்தது, வீடு வாங்க நினைக்கும் எல்லோருக்கும் பாடம்.

78 லட்சம், 78 லட்சம் அல்ல!

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 78 லட்சத்துக்கு 9 சதவிகிதம் என்றால் 7 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய். இந்தத் தொகையை வங்கி வீட்டின் மதிப்பில் சேர்த்துக்கொள்ளாது; கையிலிருந்துதான் போட வேண்டும்.

60 லட்சம் கடன் வாங்கினால், மீதி விலை 18 லட்சத்தோடு இதையும் சேர்த்து 25 லட்சம் கையில் இருக்க வேண்டும். 8.5 சதவிகித வட்டியில் 20 வருடங்களுக்கு மாதத்தவணை சுமார் 52,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது 60 லட்சத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கோடி கொடுத்திருப்பார்கள்!

சதுர அடியில் எது உங்களுடையது?

விளம்பரத்தில் 1,050 சதுர அடி. டேப் வைத்து அளந்தபோது உள்ளே புழங்கும் இடம் 760 சதுர அடிதான். மீதி, வெளிச்சுவர், பால்கனி, மாடிப்படி, லிஃப்ட், வராண்டா கணக்கில் போய்விட்டது. இது ஏமாற்று அல்ல. ஆனால், எந்த அளவுக்கு விலை பேசுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. கட்டடம் வருடா வருடம் பழசாகும். மதிப்பு ஏறுவது மண்ணுக்குத்தான். நாளை கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டும் நிலை வந்தாலும் பேச்சு இந்தப் பங்கை வைத்துதான் நடக்கும். பத்திரத்தில் அது 460 சதுர அடி என்று தெளிவாகவே இருந்தது. 30 வருட வில்லங்கச் சான்றிதழிலும் சிக்கல் இல்லை. அனுமதி வாங்கிய வரைபடமும் கட்டியிருக்கும் கட்டடமும் ஒத்துப்போயின. வக்கீலும் "தாராளமா வாங்கலாம்" என்றுவிட்டார்.

அயர்ன்காரர் காட்டிய கோடு

பேப்பர் எல்லாம் சரி. அக்கம்பக்கம்?

சனிக்கிழமை மாலை, புரோக்கர் இல்லாமல் இருவரும் அந்தத் தெருவுக்குப் போனார்கள். முனையில் அயர்ன் வண்டி வைத்திருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார் மனைவி.

"அண்ணா, மழைக்காலத்துல இங்க எப்படி?"

அவர் எதிர்ச் சுவரைக் காட்டினார். மங்கலாக ஒரு கோடு, இடுப்பு உயரத்துக்கு. "மிக்ஜாம் புயலுக்கு அது வரைக்கும் வந்துச்சும்மா. வண்டிய தூக்கி மேல வெச்சேன்."

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியின் பல தெருக்கள் மூழ்கின. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். சதுப்புநிலம் சுருங்கிவிட்டது, வழியும் குறுகல். 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது அதன் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். போக இடமில்லாத தண்ணீர், தாழ்வான தெருக்களில்தான் நிற்கும்.

அதே கட்டடத்தின் மூன்றாவது மாடிப் பாட்டி இன்னும் விவரமாகச் சொன்னார். "வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரலம்மா. ஆனா சம்ப்புல சாக்கடை கலந்துடுச்சு. மோட்டார் போச்சு. லிஃப்ட் மூணு வாரம் ஓடல. கரன்ட் வர நாலு நாளாச்சு. அதுக்காக இந்த இடத்தை விட்டுப் போவேனா? கோயில், காய்கறி, ஆஸ்பத்திரி எல்லாம் பக்கம்."

புரோக்கர் பொய் சொல்லவில்லை. பாட்டியும் பொய் சொல்லவில்லை.

யாருக்கு வீடு?

வீடு திரும்பியதும் வாக்குவாதம். "வருஷத்துல நாலு நாளுக்காக 361 நாள் வசதியை விடுறதா? எந்த ஏரியாவுலதான் தண்ணி நிக்கல?" என்றார் கணவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமாகும் வீடு அது.

மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். கதவுத் தட்டில் மாமியாரின் இன்சுலின். "நாலு நாள் கரன்ட் இல்லன்னா இதை எங்க வைக்கிறது? லிஃப்ட் இல்லாம அத்தை எப்படி இறங்குவாங்க?"

கணவர் அதற்குமேல் பேசவில்லை. திங்கட்கிழமை புரோக்கருக்கு போன் போட்டு வேண்டாம் என்றார்.

மாடி ஏறி இறங்கத் தெம்புள்ள, வயதானவர்கள் இல்லாத குடும்பத்துக்கு அதே ஃப்ளாட் நல்ல தேர்வாக இருக்கலாம். சுவரிலிருக்கும் கோட்டைச் சொல்லி விலையையும் குறைத்துக் கேட்கலாம். லிஃப்ட் மோட்டார், மின்சார மீட்டர் பெட்டி, ஜெனரேட்டர் மூன்றும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும். வீடு நல்லதா என்பதோடு, நம் வீட்டில் இருப்பவர்களுக்கு அது சரிப்படுமா என்பதும் முக்கியம்.

அடுத்த ஞாயிறு, மடிப்பாக்கத்தில் இன்னொரு ஃப்ளாட். புரோக்கர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். தம்பதி வரவில்லையே என்று அவர் திரும்பிப் பார்த்தபோது, இருவரும் தெருமுனையில் இருந்த அயர்ன் வண்டியிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.