எழுதிய கடிதம் சபைக்குப் போக வேண்டும்

ஊரிலே குடியிருக்கும் கமக்காரர் ஒருவர் தமது பிரதேச சபை உறுப்பினரைச் சங்கக் கடையிலோ கோயில் திருவிழாவிலோ கண்டுகொள்வார். வயலுக்குப் போகும் ஒழுங்கையில் மதகு இடிந்து கிடக்கிறது என்று நேரிலே சொல்லுவார். ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு இந்த வசதி கிடையாது. காணி ஓரிடம், இருப்பு வேறிடம். சபைக்குப் போய் வருவதற்குப் பேருந்துக் காசு வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே அவர்கள் எழுதி அனுப்பும் ஒரு தாள் கடிதமே அவர்களுடைய வாயாக இருக்கிறது. அந்தக் கடிதம் சபையில் எடுக்கப்படாது போனால், அவர்கள் அந்த ஊரவர்கள் அல்லர் என்று சொல்லியதற்குச் சமம். இதைப் பற்றி எமது கருத்தைக் கூற விரும்புகிறோம்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இந்தச் சபைகள் 1988இல் இயங்கத் தொடங்கின. கிராம வீதிகள், மதகுகள், வடிகால்கள், சந்தைகள், மயானங்கள், பொது நூலகங்கள் ஆகியவை இவற்றின் பொறுப்பிலே உள்ளன. மாதந்தோறும் சபை கூடுகிறது. பார்வையாளராக நாம் போய் இருக்கலாம். ஆனால் எழுந்து பேச முடியாது. பேசும் உரிமை உறுப்பினர்களுக்கே உரியது. எனவே பொதுமகன் ஒருவர் தமது குறையைச் சபைக்குச் சொல்வதற்கு எழுத்தே வழி. அக்கடிதம் அலுவலகத்துக்குப் போகிறது. அது கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவது பெரும்பாலும் தவிசாளரினதும் அலுவலகத்தினதும் விருப்பத்திலேயே தங்கியுள்ளது.

இந்த ஒரு வழியிலும் சில இடங்களில் தடைகள் போடப்படுவதை நாம் காண்கிறோம். எமது பணியாளர்கள் உடன் சென்ற ஒரு சபையில் நடந்ததைச் சொல்லுவோம். இடம்பெயர்ந்திருந்த குடும்பங்கள் சில, தம் ஊர் ஒழுங்கையில் வளர்ந்துள்ள பற்றைகளை வெட்டித் தந்தால் பகலிலே வந்து வயலைத் துப்புரவாக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோயின. கூட்டத்துக்கு முன்னர் குறித்த நாளுக்குள் தந்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்லப்பட்டது. அடுத்த மாதம் உரிய நாளில் போனபோது, உறுப்பினர் ஒருவர் மூலமாகவே வர வேண்டும் என்றார்கள். அதன் பின்னர், இவ்வாண்டு ஆதன வரி கட்டிய பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். கூரையும் சுவரும் இல்லாத வீட்டுக்கு எவர் வரி அறவிட்டார்கள், எவர் கட்டினார்கள்? மூன்று மாதம் அலைந்தும் அந்தக் கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை. ஒருவரும் அவர்களை ஏசவில்லை; எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். கதவு மாத்திரம் திறக்கவில்லை.

சபையினரின் பக்கத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு கூட்டம், அதற்குள் பல அலுவல்கள். வருகின்ற கடிதம் எல்லாவற்றையும் முழுமையாக வாசித்தால் பொழுது போய்விடும். பெயர் இல்லாத மொட்டைக் கடிதங்களும், அயலவர் மேல் உள்ள கோபத்தில் எழுதப்படுபவையும் உண்டு. இவற்றுக்கு ஒழுங்கு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பெயரும் முகவரியும் வேண்டும், ஒரு கடிதத்தில் ஒரு விடயம் இருக்க வேண்டும், தனியாட்களைத் தூற்றக் கூடாது என்ற விதிகள் நியாயமானவை. அவை எல்லோருக்கும் ஒரே அளவாகவே பாரமாகும்.

ஆனால் ஒழுங்குபடுத்தல் வேறு, அடைத்தல் வேறு. ஒரு விதியை எடைபோடுவதற்கு நாம் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: இந்த விதி ஊரில் இருப்பவரையும் ஊரை இழந்தவரையும் ஒரே மாதிரித் தொடுகிறதா? வரிப் பற்றுச்சீட்டு, அவ்வூரில் நிலையான முகவரி, நேரில் வந்து ஒப்படைத்தல் ஆகியவை ஊரில் இருப்பவருக்குச் சிறு தொந்தரவு. இடம்பெயர்ந்தவருக்கோ அவை மதில். வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறிய குடும்பங்களின் காணிகள் இன்னும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை கண்டிருக்கிறார்கள். இவர்களிடம் இவ்வாண்டுப் பற்றுச்சீட்டைக் கேட்பது எந்த வகையில் நீதியாகும்?

இருக்கும் இடத்துச் சபையிலும் இவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. “நீங்கள் இவ்விடத்தவர் அல்லவே” என்ற சொல்லை எம்மவர்கள் எத்தனை தரம் கேட்டிருக்கிறார்கள்! இரண்டு சபைகளுக்கு நடுவிலே ஒரு சபையும் இல்லாதவர்களாக நிற்கிறார்கள். இந்த இடைஞ்சலை நாட்டின் பாராளுமன்றமே ஒருமுறை ஏற்றுக்கொண்டது. போரினால் இடம்பெயர்ந்தோர் தமது பழைய இடத்து வாக்காளர் இடாப்பில் பதிவதற்கு 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க விசேட சட்டம் வழிசெய்தது. வாக்குக்கு ஊரவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவர், கடிதத்துக்கு மாத்திரம் அந்நியர் ஆவது எப்படி?

கடிதத்துக்கும் காலக்கெடுவுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய இழப்பு இருக்கலாம் என்பதைக் காணி விடயத்தில் அண்மையில் கண்டோம். இது பிரதேச சபையின் அலுவல் அல்ல. மத்திய அரசின் அலுவல். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியில், வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் வரையிலான காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. உறுதியைப் போரிலே தொலைத்தவரும், தமிழ்நாட்டு முகாமில் இருப்பவரும், கடல் கடந்து போனவரும் அக்காலத்துக்குள் என்ன செய்வார்கள்? உயர் நீதிமன்றம் அவ்வாண்டு யூன் மாத இறுதியில் அவ்வறிவித்தலை இடைநிறுத்தியது. நீதிமன்றம் வரை போவதற்கு ஆட்கள் இருந்தபடியால் அது நடந்தது. ஒழுங்கைக்கும் மதகுக்கும் மயானத்துக்கும் எவர் கொழும்புக்குப் போய் வழக்காடுவார்? அவை சபையிலேயே கேட்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியோர் அங்கே கிராம சபை கூடுவதைக் கண்டிருப்பார்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, ஒக்ரோபர் 2 ஆகிய நாட்களில் ஊராட்சியின் வாக்காளர்கள் கூடித் தீர்மானம் எடுக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. அங்கும் குறைகள் உண்டு. எனினும் ஊரவர் தம் வாயால் பேசலாம். எமது பிரதேச சபைகளில் அந்த வாய்ப்பு இல்லை. பேச விடாத இடத்தில் எழுத்தையாவது முழுமையாக ஏற்க வேண்டும் அல்லவா?

திருவிவிலியத்தின் எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகளைப் பற்றி வாசிக்கிறோம். தந்தை இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. வழக்கப்படி அவர்களுக்குக் காணி கிடையாது. அவர்கள் சந்திப்புக் கூடார வாயிலில் மோசே, குரு எலயாசர், தலைவர்கள், மக்கள் கூட்டமைப்பு எல்லோர் முன்னிலையிலும் நின்று தமது பங்கைக் கேட்டார்கள். உங்களுக்குப் பேச உரிமை இல்லை என்று மோசே அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் கேட்டதை ஆண்டவரிடம் கொண்டுபோனார். அவர்கள் சொன்னது சரி என்று தீர்ப்பு வந்தது, சட்டமும் திருத்தப்பட்டது. முறைப்பாடு சபை முன் வந்தபடியால்தான் பிழையான வழக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. வாசலிலே மறிக்கப்பட்டிருந்தால் அந்தப் பிழை அப்படியே நிலைத்திருக்கும்.

2023 மார்ச் மாதத்தில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்த பின்னர், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலான சபைகள் உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டன. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின்னரே தெரிவான உறுப்பினர்கள் மீண்டும் ஆசனங்களில் அமர்ந்தார்கள். வாக்குக் கேட்டு எமது வாசலுக்கு வந்த அவர்களிடம் நாம் நான்கு விடயங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, சபைக்கு வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, வந்த கடிதங்களின் பட்டியல் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் சபை முன் வைக்கப்பட்டுக் கூட்ட அறிக்கையில் பதியப்பட வேண்டும். முழுக் கடிதத்தையும் வாசிக்க நேரமில்லை என்றால் பெயரும் விடயமும் ஒரு வரியில் போதும்.

மூன்றாவது, ஊரவர் என்பதற்குப் பழைய வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, அனுமதிப்பத்திரம், கிராம அலுவலரின் கடிதம் இவற்றில் ஏதேனும் ஒன்று போதும் என்று தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, எழுத இயலாதவர் வாயால் சொல்வதை அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். இது புதுமையான கோரிக்கை அல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எழுத முடியாதவரின் கோரிக்கையை அலுவலரே எழுத்தில் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. தகவலுக்குச் செய்வதை முறைப்பாட்டுக்கும் செய்யலாம்.

எமது பக்கத்திலும் சில கடமைகள் உண்டு. எந்த வாசலுக்கு எந்தக் கடிதம் என்பதை அறிந்துகொள்வோம். வீதியும் மதகும் மயானமும் பிரதேச சபைக்கு. அரச காணி அனுமதிப்பத்திரம் பிரதேச செயலாளருக்கு. சிறு குளங்களும் அவற்றின் துருசுகளும் கமநல சேவை நிலையத்துக்கு. பிழையான வாசலில் கொடுத்த கடிதம் அங்கேயே தூங்கிவிடும். முழுப் பெயர், இப்போதைய முகவரி, ஊர் முகவரி மூன்றையும் எழுதுவோம். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்வோம். போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துவோம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு எமக்குத் தந்த உரிமை.

பதில் வராவிட்டால் சோர்ந்துவிடத் தேவையில்லை. அந்த மாதக் கூட்ட அறிக்கையின் பிரதியைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சபை எமக்கு அறிவிக்க வேண்டும். தராவிட்டால் மேன்முறையீட்டுக்கும் வழி உண்டு. எமது கடிதம் சபைக்குப் போனதா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும். கணவரை இழந்த சகோதரிகளும் முதியோரும் தனியே அலையாதபடி, கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் பங்கு மக்களும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதுவது நன்று.

பற்றை வளர்ந்த ஒழுங்கையை மழையும் வெயிலும் திறந்து தரமாட்டா. ஊரவர் கேட்க வேண்டும், சபை அதைப் பதிய வேண்டும். அடுத்த காலபோகத்துக்கு முன் ஒவ்வோர் ஊர்க் குடும்பங்களும் கூடி ஒரு கடிதமாவது எழுதுங்கள். எழுதியபின் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.