தாய்வீட்டுப் பிரசவமும் 8ஆம் பிரிவும்

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு ஒரு கோப்பு வந்தால் நாம் முதலில் தேடுவது தாத்தாவின் விருப்ப அறிக்கையை. அவர் எழுதிக்கொடுத்தாரா, இல்லையா? தாள் இருந்தால் பேச்சைத் தொடர்கிறோம், இல்லாவிட்டால் கோப்பைக் கட்டிவிடுகிறோம். நகரத்துக் குடும்பங்களுக்கு இது ஓரளவு சரி. கொம்யூன் குடும்பங்களில் பாட்டி எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், பிள்ளைப்பேற்றுக்கு எந்த ஊருக்குப் போனார் என்று கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடப்புக்கு வந்த, பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவுக்குத் தந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் 4, 5 பிரிவுகள் நமக்கு மனப்பாடம். பிரெஞ்சிந்தியப் பகுதியில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சு நாட்டினர் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் விருப்ப அறிக்கை எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். இந்தியாவுக்கு வெளியே குடியிருந்த சொல்தாக்களையும் (படைவீரர்களையும்) உத்தியோகஸ்தர்களையும் 7ஆம் பிரிவு எதுவும் எழுதிக்கேட்காமலே பிரெஞ்சுக்காரர்களாக விட்டுவைத்தது. இதுவும் தெரிந்ததுதான். அதிகம் புரட்டப்படாதது 8ஆம் பிரிவு. பிரெஞ்சிந்தியப் பகுதிக்கு வெளியே பிறந்து, 1962இல் பகுதிக்குள் குடியிருந்த பிரெஞ்சு நாட்டினர் கையெழுத்து எதுவும் போடாமலே தங்கள் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

இதைப் பாகூரின் வரைபடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கொம்யூனைச் சுற்றிலும் அன்றைய தென்னார்க்காடு; வரப்பைத் தாண்டினால் பழைய பிரிட்டிஷ் இந்தியா. கொண்டான் கொடுத்தான் உறவு ஒருநாளும் எல்லைக்கல்லைப் பார்த்ததில்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் இங்கே வாழ வந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வழக்கப்படி தாய்வீடு போனார்கள். குருவிநத்தத்தில் ஒருவருக்கு இரண்டு மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவன் கடலூர் பக்கம் பாட்டி வீட்டில் பிறந்தான், இளையவன் சொந்த ஊரில். 1962இல் இருவரும் வயது வந்தவர்கள், ஒரே வீட்டில் குடியிருப்பு, இருவருமே எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தின்படி மூத்தவன் பிரெஞ்சுக்காரன், இளையவன் இந்தியன். ஒப்பந்தம் எழுதியவர்கள் வளைகாப்பை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிக்கல் சான்றில்தான். அப்படிப் பிறந்த பிள்ளையின் பிறப்பு கொம்யூன் பதிவேட்டில் இருக்காது. எல்லைக்கு அப்பால் கிராம முன்சீப் எழுதியிருந்தால் உண்டு. அவர் எழுதாமல் விட்டதும் உண்டு. ஊர் திரும்பிய தகப்பன் பிள்ளை தன் ஊரிலேயே பிறந்ததாக மேரியில் (கொம்யூன் அலுவலகத்தில்) பதிந்துவிட்டிருந்தால், 8ஆம் பிரிவுக்காரர் காகிதத்தில் 4ஆம் பிரிவுக்காரராகிவிடுகிறார். பிறப்பைத் தாமதமாகப் பதிவது 2023 அக்டோபர் முதல் மாவட்ட, துணைக்கோட்ட நடுவர்கள் வழியே நடக்கிறது. முன்பைவிட எளிது என்பதாலேயே, எழுபது வயதுக்காரருக்குப் புதிதாகப் பிறப்பூர் தேடும் சபலமும் வருகிறது. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 47ஆம் பிரிவு வெளிநாட்டுப் பதிவை நம்பச் சொல்கிறது, ஐயம் வந்தால் நம்ப வேண்டாம் என்றும் சொல்கிறது. நேற்றுப் பதிந்த பிறப்பின் மேல் ஐயம் வராமல் இருக்காது. பிறப்பூரை மாற்றும் அந்த வேலையில் நம் தொழிலில் எவரும் கை வைக்கக் கூடாது.

இன்னொரு கதவும் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. மூதாதையர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே நிலைத்துவிட்டிருக்க, தானும் குடியுரிமையைத் தரவேண்டிய தாயோ தகப்பனோ பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்டதற்கும் நடத்தப்பட்டதற்கும் தடயம் இல்லாதவர், வம்சவழியில் குடியுரிமையை நிரூபிக்க முடியாது என்கிறது அதே சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு. 1962 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் 2012 ஆகஸ்டிலேயே ஐம்பது முடிந்தது. பழைய கொன்சுலாப் பதிவு, பிரெஞ்சுப் பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ராணுவப் பான்சியோன் (ஓய்வூதிய) தாள் என்று ஏதாவது இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் முன்பணம் வாங்காமல் இல்லை என்று சொல்லிவிடுவது மரியாதை.

ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவிலும் அடிக்கடி தவறவிடும் ஒரு வரி இருக்கிறது. கணவனின் விருப்பம் மனைவியைக் கட்டாது. மணமாகாத, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தகப்பனின் அறிக்கை கட்டும். பிள்ளைகளின் பெயரை அதில் எழுதவும் வேண்டும். தாத்தா எழுதிக்கொடுத்தார் என்பதற்காகப் பாட்டியையும் பிரெஞ்சுக்காரராக எண்ணி மனுப் போட்டால் அந்தத் தவறு நம்முடையது.

இனி இன்றைய திருமணங்கள். 1954 அக்டோபர் 18இல் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த கீழூர், வில்லியனூர் கொம்யூனில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்திலும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ‘நேஷனாலிட்டி மாப்பிள்ளை’ என்றால் தனி மவுசு. முகூர்த்தம் முதலில், காகிதம் பிறகு என்பது ஊர் வழக்கம். பிரெஞ்சுச் சட்டம் நேர் எதிர். திருமணத்துக்கு முன்பே கொன்சுலாவில் அறிவிப்பு ஒட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். வாங்காமல் தாலி கட்டிய திருமணமும் செல்லும். ஆனால் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றும்போது இருவரையும் விசாரிப்பார்கள், ஐயம் எழுந்தால் கோப்பு நாந்த் நகர அரசு வழக்கறிஞரிடம் போகும். அதனால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே நம்மிடம் வரச் சொல்லுங்கள். 1881 ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். அவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது.

தரகர்கள் சொல்லாதது நிறைய. மணந்த உடனே குடியுரிமை கிடைக்காது. நான்கு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும், சில நிலைகளில் ஐந்து. மொழித் தேர்வும் உண்டு. பிள்ளையை நம்பி வாழும் பெற்றோருக்கு வழியிருக்கிறது. ‘தம்பியையும் அழைத்துக்கொள்ளலாம்’ என்பது வெறும் பேச்சு, உடன்பிறந்தோருக்கென்று குடும்பவழி அனுமதி எதுவும் இல்லை. வதிவிட அனுமதிக்காக மட்டும் செய்யும் திருமணத்துக்கு ஐந்தாண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம். இந்தியப் பக்கத்திலும் கணக்கு இதேதான்: இந்தியரை மணந்த பிரெஞ்சுக்காரர் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை பெறத் திருமணம் பதிவாகி இரண்டாண்டு நீடித்திருக்க வேண்டும், மணமுறிவு ஏற்பட்டால் அட்டையை ரத்து செய்யலாம்.

மணப்பெண்ணிடம் தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கணவனோடு வாழ்வது நின்றுபோனால் அவளுடைய பிரெஞ்சு வதிவிட அனுமதிக்கு ஆபத்து. ஆனால் அவன் அடித்து உதைத்ததால் அவள் வெளியேறினால், அதைக் காரணம் காட்டி அனுமதியைப் பறிக்க முடியாது. காவல் புகாரும் மருத்துவச் சான்றும் கையில் இருக்க வேண்டும். திருமணக் கோப்பு தயாரிக்கும் நாளிலேயே, மாப்பிள்ளை வீட்டாரும் தரகரும் இல்லாத நேரம் பார்த்து, இதைத் தமிழில் எழுதி அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.