ஊன்றுகோலைப் பிடுங்குகிறவர்கள்

ரமணாசிரம வட்டாரத்தில் ஒரு கதை புழங்குகிறது. ரமணர் சொன்னதாகப் பதிவாகியிருப்பது. கால் விளங்காத ஒருவர், கக்கத்தில் கட்டைகளை ஊன்றியபடி அருணாசலத்தைப் பலமுறை சுற்றியவர், வீட்டாருக்குப் பாரமாகிவிட்டோம் என்று மனம் கசந்து ஊரை விட்டே கிளம்புகிறார். வழியில் எதிர்ப்பட்ட வாலிபன் கட்டைகளைப் பிடுங்கி எறிகிறான். அவர் நடக்க ஆரம்பித்துவிடுகிறார். கேட்பவர்கள் மலையின் மகிமையை எண்ணி உருகுகிறார்கள். அவர் ஏன் கிளம்ப நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. பாரம் என்று அவரை நினைக்கவைத்தது வீடு. கதையில் குணமானது கால் மட்டும்.

நம் கருணை முழுவதும் இந்தக் கதைக்குள் அடக்கம். ஊனமுற்றவர் நம்மைப்போல் ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால் நமக்குப் புண்ணியம் சேர ஒத்துழைக்க வேண்டும். பிறந்தநாளுக்கும் அப்பாவின் திதிக்கும் ஒரு ‘இல்லத்தை’ப் பார்வையிடப் போகிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டி, வரிசையாக உட்காரவைத்த குழந்தைகள் முன்னால் சாம்பார் வாளியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் நம்மைப் பார்வையிட வருவதில்லை; வர வழி கிடையாது. இல்லம் என்பது அவர்களை வைத்திருக்கும் இடம். அவர்களாக வந்து, பேப்பர் படித்து, சண்டை போட்டு, தன்னிஷ்டப்படி திரும்பிப் போகக்கூடிய பொது இடம் வேறு வகையானது. இந்த வித்தியாசம் நம் பிரக்ஞையில் ஏறவே இல்லை. ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளிகள் என்று திருத்தியதோடு காரியம் முடிந்ததாக நினைத்துவிட்டோம். பெயர்ப்பலகை மாறியது, அதற்குக் கீழே இருந்த 3 படிகள் அப்படியே இருக்கின்றன.

திருவண்ணாமலையில் இதற்கு ஒரு தத்துவப் பூச்சும் கிடைக்கிறது. ‘நான் இந்த உடல் அல்ல.’ சக்கர நாற்காலியில் வந்தவரிடம் இதை உபதேசம்போல் சொல்கிறவர், சாயங்காலம் ஸ்கந்தாசிரமத்துக்குத் தன் இரண்டு கால்களால்தான் ஏறுகிறார். உடல் பொய் என்றால் படிக்கட்டும் பொய்தானே, இடித்துவிடலாமே! ரமணரிடம் இந்தப் பம்மாத்து இல்லை. முழங்கால் வாதத்தால் சோபாவில் கால் நீட்டியிருந்தவர் அவர். ஹாலில் ஒரு ஐரோப்பிய அம்மாளால் சம்மணமிட முடியாமல் கால் நீட்டியபோது, மடக்கச் சொல்லிச் சேவகர் ஒருவர் போய்ச் சொன்னார். ரமணர் உடனே தன் காலை மடக்கிக்கொண்டார். அந்த விதி தனக்கும்தான் என்று, வலியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்வைதத்தைப் பற்றிய அத்தனை வியாக்கியானங்களைவிட இந்த மடங்கிய முழங்கால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பக்தர்கள் இதைப் பணிவுக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். இருக்கை பற்றிய செய்தியாக யாரும் படிக்கவில்லை.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். பின்னால் வந்து சேர்ந்த ஆடிட்டர் எஸ். சங்கரராமனும் சக்கர நாற்காலிக்காரர். சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் இடத்தைத் தீர்மானிக்கும்போது அது வேறு இடமாகிறது. மற்ற இடங்களில் தீர்மானிப்பவர்கள் நிற்கிறவர்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது சாதாரணக் கணக்கு. நம் கட்டிடங்களில் பெரும்பாலும் இன்ஸ்பெக்‌ஷனுக்காகச் சிமெண்ட் பூசிய ஒரு சறுக்குமரம்தான் உண்டு. பக்கத்தில் ஒரு பூந்தொட்டி.

சட்டமும் இந்த அழகில்தான். 2016-ம் வருஷச் சட்டம், விதிகள் வந்ததிலிருந்து 5 வருஷத்தில் பொதுக் கட்டிடங்களைச் சரிசெய்யச் சொன்னது. விதிகள் வந்தது 2017-ல். கெடு 2022-ல் முடிந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில்தான் உச்சநீதிமன்றம், அணுகல் பற்றிய அந்த விதி கட்டாயமில்லாமல் வெறும் யோசனை சொல்கிறது என்று அதைச் செல்லாததாக்கியது. 19 வருஷம். இடையில் 2022 நவம்பரில் மெரினா மணலில் சக்கர நாற்காலி போக மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பத்திரிகைகள் அலையைத் தொட்டவர்களின் கண்ணீரை எழுதின. அத்தனை வருஷம் பலகை போடாதவர்களைப் பற்றி எழுதவில்லை.

இலக்கியவாதிகள் என்ன செய்தோம்? நம் கவிதைகளில் காலம் நொண்டுகிறது, சமூகம் குருடு, சுதந்திரம் முடம். இத்தனை ஊனத்தை உருவகமாகச் சம்பாதித்துக்கொண்ட நமக்கு, ஊனமுற்ற ஒரு வாசகரோடு பரிச்சயம் உண்டா? பிச்சைக்காக வியாபாரம் செய்யப்படும் உடல்களைப் பற்றி ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ 2003-ல் வந்தபோது அதிர்ந்தோம். அதிர்ச்சி நியாயமானது. ஆனால் அதுவும் பார்வையிடப் போனவனின் உணர்ச்சியே.

நம் கூட்டங்கள் பெரும்பாலும் மாடியில் நடக்கின்றன, வாடகை குறைவு. ஏற முடியாத ஒருவர் வந்தால் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்கிறோம். தூக்கப்பட்டவர் டீ குடிக்க, சிறுநீர் கழிக்க, அந்த இரண்டு பேரைத் தேட வேண்டும். கட்டுரை பிடிக்காமல் பாதியில் வெளியேறுவது நம் விமர்சன மரபில் ஒரு முக்கியமான வடிவம். அதற்கும் அவர் அந்த இரண்டு பேரிடம் அனுமதி கேட்க வேண்டும்; அவர்களில் ஒருவர் கட்டுரையாசிரியராக இருக்கலாம்.