நீலத் துளியும் இருபது எழுத்தும்



போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாவது படிக்கும் மருமகன் மூலையில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அவன் விளையாட உட்கார்ந்தால் வழக்கமாக வீடே போர்க்களம் ஆகிவிடும். துப்பாக்கிச் சத்தம் ஒரு பக்கம், நண்பர்களோடு போடும் கூச்சல் ஒரு பக்கம். அன்று சத்தமே இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று எட்டிப் பார்த்தேன்.

பச்சைப் புல்வெளியில் கவசம் போட்ட ஒரு குட்டி மனிதன் நடந்துகொண்டிருந்தான். நாலடி வைப்பதற்குள் ஒரு நீலத் துளி வழியை மறித்தது. கண்ணும் வாயும் வைத்து, நம்மைப் பார்த்துச் சிரிக்கிற துளி. அடிக்கலாமா, மந்திரம் போடலாமா, ஓடிவிடலாமா என்று ஒரு பட்டியல் வந்தது. பையன் யோசித்து 'அடி'யைத் தொட்டான். பிறகு துளியின் முறை. பிறகு மறுபடி இவன் முறை. துளி மறைந்ததும் ஓர் அனுபவப் புள்ளி கிடைத்தது.

"ஒண்ணே ஒண்ணுதானாடா?"

"ஆமா மாமா. இப்படியே சேர்த்துக்கிட்டே போகணும்."

சேர்த்துக்கொண்டே போனவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு பாலத்தைத் தாண்டினான். அக்கரையில் வந்த பூதம் இரண்டே அடியில் ஆளைச் சாய்த்துவிட்டது. திரை இருண்டது. கண் திறந்தால் ராஜா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இப்படிச் செத்துவிட்டு வரலாமா என்று செல்லமாகக் கடிந்துகொள்கிறார்.

"எல்லாம் போச்சா?"

"காசுல பாதி போச்சு மாமா. அனுபவம் அப்படியே இருக்கு."

சொல்லிவிட்டு அவன் மறுபடி நடக்கத் தொடங்கினான். நான்தான் அந்த வரியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அவன் ஆடியது 'டிராகன் குவெஸ்ட்'. ஜப்பானில் 1986 மே 27 அன்று, நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதற்கு முன் 'அல்டிமா', 'விசர்ட்ரி' என்று அமெரிக்கக் கணினி ஆட்டங்கள் இருந்தன. பாத்திரமேற்று ஆடும் அந்த வகை, பொறுமைசாலிகளுக்கும் விசைப்பலகை வைத்திருந்தவர்களுக்கும் மட்டுமே திறந்த கதவு. ஃபேமிகாமிலோ மாரியோவைப் போல விரல் வேகம் கேட்கும் ஆட்டங்கள்தான் கொடிகட்டிப் பறந்தன. யூஜி ஹோரி என்பவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி போட்டார். விரல் வேகம் தேவையில்லை. நடந்துகொண்டே இருந்தால் போதும், நாளடைவில் பலம் ஏறும். கெட்டிக்காரன் சீக்கிரம் போவான், மற்றவன் நிதானமாகப் போவான். ஆனால் இருவரும் போய்ச் சேர்வார்கள்.

போய்ச் சேரவேண்டிய இடத்தையும் அவர் ஒளித்துவைக்கவில்லை. ஆட்டம் தொடங்கும் கோட்டையை விட்டு வெளியே வந்ததுமே தண்ணீருக்கு அப்பால் வில்லனின் கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் அங்கே போக உலகத்தையே சுற்றி வரவேண்டும். தினமும் வாசலில் நின்று எதிர்மலையைப் பார்க்கிறவனுக்கு ஒருநாள் ஏறிப் பார்க்கத் தோன்றுமே, அந்த ஆசையைத்தான் முதல் நிமிடத்திலேயே விதைத்துவிடுகிறார்.

இந்த ஹோரி யார் என்று தேடிப் போனபோது எனக்கு ஒரு சந்தோஷம் காத்திருந்தது. மனிதர் நம்ம ஜாதி! பத்திரிகைக்காரர். ஷோனென் ஜம்ப் வார இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். நீலத் துளியை வரைந்தவர் அதே இதழில் 'டிராகன் பால்' படக்கதை வரைந்துகொண்டிருந்த அகிரா தோரியாமா. இருவரையும் சேர்த்துவைத்தது அந்த இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த கசுஹிகோ தோரிஷிமா. ஹோரி கிறுக்கிக் கொடுத்தது கொழகொழவென்று ஒரு சேற்றுக் குவியல். தோரியாமா அதைக் கூர்முனை வைத்த துளியாக்கிச் சிரிக்க வைத்தார். உலகத்திலேயே அடிக்க மனம் வராத பூதம் அப்படித்தான் பிறந்தது.

பத்திரிகைக்காரர் செய்த ஆட்டம் என்பது அதன் சிக்கனத்திலேயே தெரிகிறது. மொத்த ஆட்டமும் 64 கிலோபைட். இன்று நீங்கள் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்குள் இப்படிப் பல ஆட்டங்களை அடுக்கிவிடலாம். இடம் போதாமல், வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் கத்தகானா எழுத்துகளில் வெறும் 20 மட்டுமே உள்ளே ஏற்றினார்கள். பூதங்கள், ஊர்கள், மந்திரங்கள் என்று கத்தகானாவில் வரும் பெயர் எதுவானாலும் அந்த இருபதுக்குள் அடங்கவேண்டும். நீலத் துளிக்கு 'ஸ்லைம்' என்று பெயர். ஜப்பானிய முறையில் எழுதினால் சு-ரா-இ-மு. நான்கும் அந்த இருபதில் இருப்பவை. பக்கம் நிரம்பி வழியும் கட்டுரையை வெட்டி வெட்டிக் கண்ணீர் விட்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த அருமை புரியும். ஊர்மக்கள் பேசுவதும் அப்படித்தான். ஒருவர் இரண்டு வரி சொல்வார், அதில் ஒரு வரி வழிகாட்டும், இன்னொரு வரி சிரிக்க வைக்கும்.

ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர அந்தக் கருவியில் வசதி கிடையாது. அதனால் ராஜா ஒரு 'உயிர்ப்பு மந்திரம்' சொல்லுவார். மொத்தம் 20 எழுத்து. 5, 7, 5, 3 என்று பிரித்து, ஏறக்குறைய ஹைக்கூ மாதிரி திரையில் நிற்கும். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு தூங்கப் போவார்கள். மறுநாள் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கதவு திறக்காது. ஜப்பானிய எழுத்தில் 'நெ'யும் 'நு'வும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எழுதி, ஒரு வார உழைப்பைத் தொலைத்த பிள்ளைகள் எத்தனையோ! ஒரு தலைமுறைக்கே மெய்ப்புத் திருத்தப் பயிற்சி கொடுத்த ஆட்டம் வேறு எதுவும் இருக்காது.

மூன்றாம் பாகம் வந்த 1988 பிப்ரவரி 10 ஒரு புதன்கிழமை. கடை வாசல்களில் விடியும் முன்பே வரிசை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நின்ற நூற்றுக்கணக்கான மாணவர்களைப் போலீஸ் பிடித்துக் கண்டித்து அனுப்பியது. வேலைநாளில் வெளியிடக்கூடாது என்று சட்டமே வந்ததாக இன்றும் சொல்வார்கள். அது வெறும் கதை; எனிக்ஸ் நிறுவனம் தானாகவே விடுமுறை நாட்களுக்கு மாறிக்கொண்டது.

என்னைக் கட்டிப்போட்டது 1992-இல் வந்த ஐந்தாம் பாகம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் கதையைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் பின்னாலேயே ஊர் ஊராக நடக்கும் ஒரு சிறுவன். காட்டில் அடிபட்டால் அப்பாவே மந்திரம் போட்டுக் காயத்தை ஆற்றிவிடுவார். அந்த அப்பா அவன் கண்ணெதிரிலேயே கொல்லப்படுகிறார். பையன் பத்து வருடம் அடிமையாகக் கல் சுமக்கிறான், தப்புகிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பனாகிறான். தேடி அலைந்த வீரவாள் அவன் கைக்கு மசியவில்லை. மகன் கைக்குத்தான் மசிகிறது. கதாநாயகன் தான் இல்லை, தன் பிள்ளை என்று ஒருவன் தெரிந்துகொள்ளும் இடம் அது. பிள்ளை வளர்த்த எவரையும் அது தொடும்.

அதைவிட ஒரு காட்சி உண்டு. சின்ன வயதில் அவன் ஊருக்கு யாரோ ஒரு வழிப்போக்கன் வருகிறான். பையன் வைத்திருக்கும் பொன் உருண்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான், எது வந்தாலும் மனம் தளராதே என்று தைரியம் சொல்லிவிட்டுப் போகிறான். யாரோ எவரோ என்று நாமும் மறந்துவிடுகிறோம். பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு, வளர்ந்து ஆளான நாயகன் காலத்தைத் தாண்டித் தன் பழைய ஊருக்குப் போகும்போது புரிகிறது, அந்த வழிப்போக்கன் இவனேதான். உருண்டையை மாற்றி எடுத்துக்கொள்ள வந்திருக்கிறான். அங்கே அப்பா இன்னும் உயிரோடு நடமாடுகிறார். அவரிடம் பேசலாம், நடக்கப் போவதை மாற்ற முடியாது. அந்தச் சிறுவனுக்கு முன்னால் நிற்கும்போது இவன் கையில் இருப்பது பட்டு அறிந்தது மட்டும்தான். அதைத்தான் நாலு வார்த்தையாகக் கொடுத்துவிட்டு வருகிறான். காசு பாதி போச்சு, அனுபவம் அப்படியே இருக்கு என்று மருமகன் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது இங்கேதான்.

கடைசியாக, எங்கள் தொழிலைப் பற்றி ஒரு செய்தி. இந்த ஆட்டத்துக்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமா ஏற்கெனவே தொலைக்காட்சிக்கும் பாட்டுகளுக்கும் இசை எழுதிப் பேர் வாங்கியவர். எனிக்ஸ் வெளியிட்ட ஒரு ஷோகி ஆட்டத்தை, அதாவது ஜப்பானியச் சதுரங்கத்தை, ஆடிப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் இருந்த கருத்து அட்டையில் தன் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பினார். அட்டையைப் பிரித்தவர்கள் பெயரைப் பார்த்துத் திகைத்து அவரையே தேடிப் போனார்கள். அப்படி வந்த இசைதான் 2021 ஜூலை 23 அன்று, பார்வையாளர்கள் இல்லாத டோக்கியோ ஒலிம்பிக் அரங்கில் வீரர்கள் அணிவகுப்பைத் தொடங்கிவைத்தது.

இந்த இதழிலும் வழக்கம்போல ஒரு கருத்து அட்டை வைத்திருக்கிறோம். நிரப்பி அனுப்புங்கள். இனிமேல் அனுப்பியவர் பெயரையும் ஒன்றுக்கு இரண்டு தரம் படிப்பதாக உத்தேசம்.

அன்புடன்,
ஆசிரியர்

பின்குறிப்பு: மருமகன் இன்னும் மறுபடி அந்தப் பாலத்தைத் தாண்டவில்லை. செப்பு வாள் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறானாம்.